யார் அளந்தது? நீங்களே அளந்து பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமனார் இயந்திரத் தொழிற்கூடத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புவி சூடாகிறது என்பதே கட்டிவிட்ட கதை என்கிறார். எந்த வரைபடத்தைக் காட்டினாலும் ‘யார் அளந்தது, எதை வைத்து அளந்தது?’ என்றுதான் கேட்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: ‘யார் அளந்தது?’ என்பது மிக நல்ல கேள்வி. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கை, பிறர் சொன்ன அளவை அப்படியே ஏற்காது. அந்தக் குணத்தோடு சண்டை போடாதீர்கள். அதையே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியைக் கேட்ட ஒருவர் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். வெப்பமானி நிலையங்களை வேண்டியபடி பொறுக்கி எடுத்தார்களா, தரம் குறைந்த நிலையங்கள் கணக்கைக் கெடுத்தனவா, நகரச் சூடு உள்ளே கலந்துவிட்டதா, பதிவுகளைத் திருத்தியதில் தவறு உண்டா என்று ஐயப்பட்டார். 2010-இல் ‘பெர்க்லி எர்த்’ என்ற குழுவை அமைத்து, ஏறக்குறைய 160 கோடி வெப்பப் பதிவுகளை முதலிலிருந்து தாமே அலசினார். நிலப்பரப்பு சூடாகியிருப்பது உண்மை என்றும், அதற்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்களே என்றும் 2012-இல் வெளிப்படையாக எழுதினார். அவர் மனத்தை மாற்றியது அவரே போட்ட கணக்கு.

வீட்டில் செய்யக்கூடிய முறை இதன் சிறு வடிவம்தான். முதலில், இருவருக்கும் உடன்பாடான ஒரே ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘புவி சூடாகிறதா?’ வேண்டாம். ‘இந்த அறையை மூடி இருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கரியமில வாயு எவ்வளவு ஏறும்?’ என்பது போல இருக்கட்டும். அளப்பதற்கு முன்பு அவர் தம் கணிப்பை எண்ணாகத் தாளில் எழுத வேண்டும், நீங்களும் எழுதுங்கள். பிறகு அவர் கையால் அளக்கட்டும். கடைசியில், எண் ஏன் அப்படி வந்தது என்று அவரே முதலில் விளக்கட்டும்.

இந்த வரிசையை மாற்றினால் காரியம் கெட்டுவிடும். கணிப்பை எழுதாமல் அளந்தால், வந்த எண்ணைப் பார்த்து ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று எவருக்கும் தோன்றும். விளக்கத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அது மறுபடியும் பாடம் எடுப்பதாகிவிடும். அவர் கணிப்பு சரியாகவும் உங்களுடையது தவறாகவும் இருந்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த அளவீட்டை அவர் நம்புவதற்கு அதுதான் முன்பணம். ஓர் அமர்வுக்கு ஒரு கேள்வி போதும்.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஒரு பாட்டிலில் கரியமில வாயு நிரப்பி, வெறும் காற்று உள்ள இன்னொரு பாட்டிலோடு விளக்குக்கு அடியில் வைத்தால் முதலாவது அதிகம் சூடாகும் என்று பள்ளியில் செய்து காட்டுகிறோம். இது சரியான சோதனையா?

பதில்: வெப்பம் ஏறுவது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. 2010-இல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஓர் ஆய்விதழில் இதைச் சோதித்து எழுதினார்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பாட்டிலுக்குள் அது மேலே உள்ள காற்றோடு எளிதில் கலப்பதில்லை. அதனால் சூடு வெளியேறுவது குறைகிறது. அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சாத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் ஏறக்குறைய அதே அளவு சூடேறுகிறது. போதாக்குறைக்கு, பாட்டிலின் கண்ணாடியே அந்தக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். 1859-இல் ஜான் டிண்டால் வாயுக்களை அளந்தபோது, குழாயின் இரு முனைகளையும் கண்ணாடியால் மூடாமல் பாறையுப்புத் தகடுகளால் மூடியது இதனால்தான்.

இந்தச் சோதனையைக் கைவிடுவதே நல்லது. விவரம் தெரிந்த ஒரு மாணவர் ஆர்கானைப் பற்றிக் கேட்டால், அதோடு சேர்த்து மற்ற உண்மைகளும் அவருக்குச் சந்தேகமாகிவிடும்.

பதிலுக்கு ஓர் அகச்சிவப்பு வெப்பமானி போதும். இயந்திரங்களின் சூட்டைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி அது. நெற்றியில் காட்டும் காய்ச்சல் மானி உதவாது; அது ஏறக்குறைய 32 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். பூஜ்யத்துக்குக் கீழே குறைந்தது 30 டிகிரி வரை காட்டும் கருவியாகப் பாருங்கள். சூரியன் மறைந்த பிறகு திறந்த வெளிக்குப் போய், கருவி வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு நேர் மேலே வானத்தைக் குறி வையுங்கள். கட்டடமோ மரக்கிளையோ குறுக்கே வரக்கூடாது. 12:1 என்று குறித்த கருவி, 12 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் அகல வட்டத்தைச் சேர்த்துப் படிக்கும். பகலில் செய்தால் சூரியன் பக்கம் திருப்பவே வேண்டாம்.

தெளிந்த, வறண்ட வானில் எண் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்கலாம். சில கருவிகள் ‘லோ’ என்று காட்டி நின்றுவிடும். மேகம் ஒன்று கடக்கும்போது அதே இடத்தில் அளந்தால் எண் விறுவிறுவென்று ஏறும். தாழ்ந்த, அடர்ந்த மேகமென்றால் தரைக்காற்றைவிடச் சில டிகிரிதான் குறைவாக இருக்கும். மேகமில்லாத வானிலும் நேர் மேலே ஓர் எண், அடிவானத்துக்குச் சற்று மேலே அதைவிட அதிகமான எண் கிடைக்கும், ஏனென்றால் சாய்வாகப் பார்க்கும்போது வழியில் நீராவி மிகுதி. விண்வெளியின் குளிர் ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி. அதற்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் காற்று மண்டலம் தரையை நோக்கித் திருப்பி அனுப்பும் வெப்பத்தால் வருவது. மேகமூட்டமான இரவு ஏன் புழுங்குகிறது என்பதும் இங்கேயே புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லுங்கள். இக்கருவிகள் 8 முதல் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் படிப்பவை. கரியமில வாயு முக்கியமாக உறிஞ்சுவது 15 மைக்ரானை ஒட்டி. ஆகவே இங்கே தெரிவது நீராவியும் மேகமும் செய்யும் வேலை. காற்று மண்டலம் வெப்பத்தைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் பசுங்குடில் விளைவு என்ற தத்துவத்தைக் கண்ணால் பார்க்கலாம். அதில் கரியமில வாயுவின் பங்கை இக்கருவி தனியே பிரித்துக் காட்டாது. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கரியமில வாயு மீட்டர் வாங்க எண்ணியிருக்கிறேன். விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறதே, எதைப் பார்த்து வாங்குவது? அதை வைத்து என்ன காட்டலாம்?

பதில்: பெட்டியில் ‘என்.டி.ஐ.ஆர்.’ என்றோ ‘ஃபோட்டோ அகவுஸ்டிக்’ என்றோ இருக்க வேண்டும். ‘ஈ-சி.ஓ.2’ என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். அது கரியமில வாயுவை அளப்பதே இல்லை. வேறு ஆவிகளை முகர்ந்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துச் சொல்கிறது. சானிட்டைசர் தடவிய கையை அருகே கொண்டுபோங்கள். எண் ஆயிரக்கணக்கில் எகிறினால் அது போலி வகை.

என்.டி.ஐ.ஆர். சென்சாருக்குள் ஒரு சிறிய அகச்சிவப்பு விளக்கு, எதிரே ஓர் உணரி, நடுவே காற்று. கரியமில வாயு 4.26 மைக்ரான் அலைநீளக் கதிரை விழுங்கும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டுதான் கருவி எண்ணைச் சொல்கிறது. இந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சாது என்று ஒருவர் வாதிட்டால், இந்த மீட்டர் வேலையே செய்யக்கூடாது. இயந்திரம் தெரிந்தவருக்கு இந்த ஒரு விளக்கம் பத்துக் கட்டுரைகளுக்குச் சமம் என்பது எங்கள் எண்ணம். முடிந்தால் கழற்றிய ஒரு சென்சாரைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அறைக் கணக்கு. முதலில் மீட்டரை வெளியே, ஆட்களிடமிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் தள்ளி, 20 நிமிடம் வையுங்கள். 420 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) வரை காட்ட வேண்டும். 600 காட்டினால் அங்கேயே வைத்து அளவுதிருத்தம் செய்யுங்கள். பிறகு 3 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம்: 36 கன மீட்டர், அதாவது 36,000 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். இருவர் 36 லிட்டர். 36,000 லிட்டரில் 36 லிட்டர் என்பது ஆயிரத்தில் ஒன்று, அதாவது 1,000 பி.பி.எம். காற்றே கசியாத அறையென்றால் ஒரு மணி நேரத்தில் 430 என்பது 1,430 ஆகும். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்குகள் வழியே கசிவு இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாக வரும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கசிவு.

அதே கணக்கை அப்படியே பெரிதாக்குங்கள். காற்று மண்டலம் முழுவதிலும் 1 பி.பி.எம். ஏற்ற ஏறக்குறைய 780 கோடி டன் கரியமில வாயு வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் மூலம் ஆண்டுக்கு வெளியாவது ஏறக்குறைய 3,700 கோடி டன். அத்தனையும் தங்கினால் ஆண்டுக்கு 4.7 பி.பி.எம். ஏற வேண்டும், உண்மையில் அதில் ஏறக்குறைய பாதிதான் ஏறுகிறது. மீதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. ‘அறையில் கசிவு எங்கே?’ என்று தேடியவருக்கு ‘காற்று மண்டலத்தில் கசிவு எங்கே?’ என்ற கேள்வி தானாகவே வரும்.

தவறு நேரும் இடங்கள்: மீட்டர் மேல் நேராக ஊதினால் எண் உச்சத்தில் முட்டி நிற்கும். மூச்சில் ஏறக்குறைய 4 விழுக்காடு, அதாவது 40,000 பி.பி.எம். இருக்கிறது, பெரும்பாலான மீட்டர்கள் 5,000 அல்லது 10,000 வரைதான் படிக்கும். ஈரமும் உள்ளே படியும். பல மீட்டர்களில் தானியங்கித் திருத்தம் உண்டு: சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். எப்போதும் மூடியே கிடக்கும் அறையில் வைத்தால் 700-ஐயே 400 என்று கற்றுக்கொண்டுவிடும். வாரம் ஒருமுறையாவது வெளியே வையுங்கள், அல்லது அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அந்த மீட்டரை மொட்டை மாடியில் வைத்து, ஆண்டுக்கு ஆண்டு கரியமில வாயு ஏறுவதை நாமே பார்க்க முடியுமா?

பதில்: முடியாது, முடியும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஆண்டு ஏற்றம் 2 முதல் 3 பி.பி.எம். வீட்டு மீட்டரின் பிழையே ஏறக்குறைய 50 பி.பி.எம். அத்தோடு இரவில் செடிகளும் மண்ணும் விடும் மூச்சும் வண்டிப் புகையும் எண்ணை ஆட்டிக்கொண்டே இருக்கும். இந்தத் தொல்லைகள் வேண்டாமென்றுதான் சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 3,400 மீட்டர் உயரத்தில் அளக்கத் தொடங்கினார். அன்று ஏறக்குறைய 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ‘எரிமலைப் பக்கத்தில் அளந்தால் தப்பாக வராதா?’ என்று அடுத்த கேள்வி வரும். எரிமலை வாயு வந்தால் அளவு திடீர் திடீரென்று குதிக்கும். அந்த மணிகளைக் கழித்துவிடுகிறார்கள். தென் துருவத்திலும் அதே ஏற்றம்தான் பதிவாகிறது. அங்கே பக்கத்தில் காடும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை.

கேள்வி: பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளை அளக்கும் சிறிய சென்சார் ஒன்றைப் பால்கனியில் வைத்தேன். பனி மூட்டமான விடியலில் 300 காட்டுகிறது, பத்து மணிக்கு 80. பக்கத்து வீட்டுக்காரர் ‘பொம்மைக் கருவி’ என்று சிரிக்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதி சரி. அந்தப் பாதியை நீங்கள் ஒப்புக்கொண்டால் மீதிப் பாதியை அவர் கேட்பார்.

இந்தச் சென்சார்களில் ஒரு லேசர் கதிரின் குறுக்கே சிறு விசிறி காற்றை இழுக்கிறது. துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. சிதறலைக் கொண்டு எடையை ஊகிக்கிறது கருவி. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகும். பனித்துளியையும் துகளாக எண்ணிவிடும். உங்கள் 300-இல் கணிசமான பங்கு நீர்தான். ஆனால் விடியலில் தரையை ஒட்டிய காற்று அசையாமல் புகையைச் சிறைபிடித்து வைப்பதும் உண்மை. அதனால் விடியலில் காற்று மோசம் என்பதும் பொய்யல்ல.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘பர்ப்பிள் ஏர்’ வகைச் சென்சார்களுக்கு ஒரு திருத்தச் சூத்திரம் வெளியிட்டிருக்கிறது. கருவி எண்ணை 0.524-ஆல் பெருக்குங்கள், ஈரப்பத விழுக்காட்டை 0.0862-ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள், 5.75 கூட்டுங்கள். கருவி 100, ஈரப்பதம் 80 என்றால் விடை ஏறக்குறைய 51. அந்நாட்டுத் துகள்களை வைத்து எடுத்த சூத்திரம் என்பதால், உங்கள் இடத்துக்கு இன்னும் நல்ல வழி, அருகிலுள்ள அரசு கண்காணிப்பு நிலையத்தின் வேலியோரம் அனுமதி பெற்று ஒரு வாரம் சென்சாரை வைத்து, இரண்டு எண்களையும் மணிக்கு மணி ஒப்பிட்டு உங்களுக்கான திருத்தத்தை நீங்களே எடுப்பது. நிஜமான மூடுபனியில் எந்தத் திருத்தமும் உதவாது. அந்த மணிகளை விட்டுவிடுங்கள்.

கருவியின் பிழை ஒரு பக்கம் மட்டும் சாய்வதில்லை என்பதையும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். 0.3 மைக்ரானுக்குக் கீழ் உள்ள துகளை இது ஏறக்குறையக் காண்பதே இல்லை. டீசல் எஞ்சினிலிருந்து புதிதாக வரும் கரி பெரும்பாலும் அதைவிடச் சிறியது. சாலையோரத்தில் கருவி காட்டுவதைவிட உண்மை மோசமாக இருக்கலாம். பி.எம். 10 எண்ணை நம்பவே வேண்டாம். பெரிய தூசி அந்த வளைந்த சிறு வழியில் லேசர் வரை போய்ச் சேருவதில்லை.

இன்னொரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. காற்றுத் தரக் குறியீடு வேறு, மைக்ரோகிராம் வேறு. செயலியில் வரும் குறியீட்டு எண்ணையும் கருவியின் மைக்ரோகிராமையும் ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5.

கேள்வி: வெள்ளை அட்டையில் வாசலின் தடவித் தொங்கவிட்டால் காற்று மாசு தெரியும் என்கிறார்களே?

பதில்: தெரிவது தூசி. 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் ஒரு மீட்டர் கீழே விழ ஐந்தாறு நிமிடம் ஆகும், 2.5 மைக்ரான் துகளுக்கு ஒன்றரை மணி நேரம். 1 மைக்ரானுக்கு எட்டு மணி. நுரையீரலின் ஆழம் வரை போவது அட்டையில் படிவதே இல்லை. அட்டை வெள்ளையாகவே இருப்பதைக் காட்டி ‘காற்று சுத்தம்’ என்று ஒருவர் முடிவு கட்டிவிடும் ஆபத்தும் உண்டு. சிறு குழந்தைகளுக்குப் பூதக்கண்ணாடியோடு காட்ட நல்ல பொருள். அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: கடும் வெயில் அடித்த வாரத்தில் என் நண்பர் புவி வெப்பமாதலை ஒப்புக்கொண்டார். குளிர் வந்ததும் மறுபடி பழைய பேச்சு. அனுபவம் மனத்தை மாற்றும் என்பது இவ்வளவுதானா?

பதில்: அன்றாட வானிலை மனத்தை இரு பக்கமும் இழுக்கும். இன்று வழக்கத்தைவிடச் சூடு என்று உணர்ந்தவர்கள் புவி வெப்பமாதலை அதிகம் நம்பினார்கள் என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. வேறு ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின: ஏற்கெனவே நம்புகிறவர் கடந்த கோடையைச் சூடாக நினைவுகூர்கிறார், நம்பாதவர் சாதாரணமாக நினைவுகூர்கிறார். ஆகவே வெயிலைக் காட்டி வாதத்தில் வெல்லாதீர்கள். வெயில் தந்ததைக் குளிர் பறித்துக்கொள்ளும்.

நினைவுக்குப் பதிலாகப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியை அளவுகோலாக வைக்கிறது. இப்போது நடப்பது 1991–2020. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அன்றாடப் பதிவுகளை எடுத்து, பகல் உச்சத்தை விட்டுவிட்டு இரவின் குறைந்த வெப்பத்தைப் பாருங்கள். நண்பர் சொல்லும் ‘குளிர்ந்த இரவு’ எத்தனை டிகிரி என்று அவரே வரம்பு குறிக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் அந்த வரம்புக்குக் கீழே போன இரவுகள் எத்தனை என்று எண்ணி, பத்துப் பத்து ஆண்டுகளாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். ஒரு மாலை நேர வேலை.

இரவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. சூரியன் வலுத்ததால் சூடேறுகிறது என்றால் பகல்தான் கூடுதலாகச் சூடேற வேண்டும். நிலப்பரப்பின் பெரும்பகுதியில் இரவுகளே வேகமாகச் சூடேறியிருக்கின்றன. மேல் வளிமண்டல அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துவருகிறது. சூரியன் காரணமென்றால் அதுவும் சூடேறியிருக்க வேண்டும். ஆனால் நிலையம் இடம் மாறியதா, சுற்றிலும் கட்டடம் எழும்பியதா என்று கட்டாயம் பாருங்கள். நகரம் விழுங்கிவிட்ட நிலையமாக இருந்தால் ஊர்ப்புற நிலையம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ‘40 டிகிரியெல்லாம் எப்போதும் வந்ததுதான், யார் செத்தார்கள்?’ என்பவருக்கு என்ன சொல்வது?

பதில்: ஈரக்குமிழ் வெப்பத்தை அளந்து காட்டுங்கள். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகளை முதலில் கால் மணி நேரம் அருகருகே வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில், சோப்பால் கழுவி நன்றாக அலசிய பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைக் காய்ச்சி வடித்த நீரில் விடுங்கள். நிழலில் வைத்து மின்விசிறியால் நொடிக்கு 3 மீட்டருக்குக் குறையாத காற்றை வீசுங்கள். பத்து நிமிடத்தில் எண் நிலைக்கும். திரி அழுக்கானாலும், காற்று போதாவிட்டாலும், திரி காய்ந்தாலும் எண் உண்மையைவிட அதிகமாகத்தான் வரும். ஆகவே சந்தேகமிருந்தால் குறைந்த எண்ணையே எடுங்கள்.

வியர்வை ஆவியாகி உடல் எந்த அளவு வரை குளிர முடியும் என்பதன் எல்லையை இந்த எண் சொல்கிறது. உலர் வெப்பம் 40, ஈரக்குமிழ் 24 என்ற நாளைவிட, உலர் வெப்பம் 34, ஈரக்குமிழ் 31 என்ற நாள் உடலுக்குக் கொடியது. உடல் தாங்கும் கோட்பாட்டு எல்லை 35 என்று 2010-இல் கணக்கிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆரோக்கியமான இளைஞர்களை ஆய்வகத்தில் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், ஈரமான சூழலில் அது ஏறக்குறைய 31-லேயே வந்துவிட்டது. முதியவர்களுக்கு இன்னும் குறையும். இதை அனுபவித்துப் பார்க்கட்டும் என்று எவரையும் வெயிலிலோ புழுக்கத்திலோ உட்கார வைக்காதீர்கள். வெப்பமானி உணர்ந்தால் போதும்.

கேள்வி: டம்ளரில் பனிக்கட்டி உருகினால் தண்ணீர் மட்டம் ஏறுவதில்லை. அப்படியிருக்கக் கடல் எப்படி ஏறும்?

பதில்: மிதக்கும் பனிக்கு நீங்கள் சொல்வது ஏறக்குறைய முழுவதும் சரி. கேள்வி கேட்டவரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டாவது டம்ளரில் ஒரு கல்லை நீருக்கு மேல் தலை நீட்டும்படி வைத்து, அதன்மேல் பனிக்கட்டியை வையுங்கள். கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் கல்மேல் பனி.

கடல் ஏற்றத்தில் 1971 முதல் 2018 வரை ஏறக்குறைய பாதி, பனி உருகியதால் வந்ததல்ல. நீர் சூடேறி விரிந்ததால் வந்தது. இதை மேசைமேல் காட்டலாம். 500 மில்லி கண்ணாடிக் குடுவையில் கொதித்து ஆறிய நீரை விளிம்பு வரை நிரப்பி, ஒரு சொட்டுச் சாயம் விடுங்கள். 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாய் பொருத்திய ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். நீர் குழாயில் சிறிது ஏறி நிற்கும். அங்கே கோடு போடுங்கள். வெந்நீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே நீர் 25-இலிருந்து 35 டிகிரிக்கு வரும்வரை காத்திருங்கள். நீர் ஏறக்குறைய 1.5 மில்லி விரியும். அது குழாயில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் ஏற்றம்; கண்ணாடியும் சற்று விரிவதால் கொஞ்சம் குறையலாம். அளவுகோலை ஒட்டிவைத்து அவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

முதல் சில நொடிகளில் மட்டம் இறங்கும். பயப்படாதீர்கள், கண்ணாடி முதலில் சூடாகி விரிவதால் அப்படி. உண்மையில் கெடுக்கும் தவறு ஒன்றுதான்: அடைப்பானுக்குக் கீழே காற்றுக் குமிழி தங்குவது. காற்று நீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரியும். குழாயிலிருந்து நீர் பீய்ச்சும், எண் பொய்யாகிவிடும். கொதிக்கவைத்து ஆற்றச் சொன்னதும் இதற்காகத்தான். பச்சை நீரில் கரைந்துள்ள காற்று சூட்டில் குமிழியாக வெளிவரும்.

கேள்வி: ஆற்றுநீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 180 காட்டுகிறது. ‘பார், குடிநீரைவிடச் சுத்தம்’ என்கிறார் ஆலைக்காரர்.

பதில்: டி.டி.எஸ். மீட்டர் நீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று மட்டுமே பார்க்கிறது. கரைந்த உப்பின் அளவு அது. சாக்கடைக் கிருமியோ, எண்ணெயோ, பூச்சிமருந்தோ, ஆபத்தான அளவு ஆர்சனிக்கோ அந்த எண்ணில் தெரியாது. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். ஆலைக் கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஓர் இடம், கீழே இரண்டு மூன்று இடங்கள், எல்லாம் ஒரே விடியற்காலையில். மாலையில் அளந்தால் பாசி ஒளிச்சேர்க்கையால் விட்ட ஆக்சிஜன் நோயாளி ஆற்றையும் நலமாகக் காட்டிவிடும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை பிழைக்காது. கழிவு சேர்ந்த இடத்திலேயே எண் உடனே விழாது. பாக்டீரியா கழிவைத் தின்னத் தின்ன ஆக்சிஜன் தீரும், எண் விழுவது சில கிலோமீட்டர் கீழேதான் தெரியும். ஆலை வாசலில் மட்டும் அளந்துவிட்டு ‘சுத்தம்’ என்று சொல்வது இப்படித்தான் நேர்கிறது. பாட்டிலை நீருக்கடியில் மூழ்கடித்து, குமிழி இல்லாமல் மூடி, முதல் ரசாயனங்களை அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை, பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும் என்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: இரண்டும் வேறு வேறல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் 10 முதல் 14 வயது மாணவர்களுக்குக் காலநிலைப் பாடம் நடத்தி, வீட்டில் பெற்றோரைப் பேட்டி எடுக்க வைத்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவில் பெற்றோரின் அக்கறையும் கூடியிருந்தது. அதிகம் மாறியவர்கள் அப்பாக்களும், அரசியலில் பழமைவாதப் போக்குடைய பெற்றோரும். மகள்களின் பேச்சு மகன்களுடையதைவிடக் கூடுதலாக எடுபட்டது. பிள்ளை பெரியவருக்குப் பாடம் நடத்துவதில்லை, கேள்வி கேட்கிறது. பெரியவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார். நீங்கள் பணி கொடுப்பதானால் அப்படியே கொடுங்கள்.

கேள்வி: ‘எல்லாம் உண்மைதான், நாம் என்ன செய்ய முடியும்?’ என்று என் அண்ணன் கையை விரிக்கிறார்.

பதில்: மோசமான எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். எண் இறங்குவதையும் அவர் கையாலேயே பார்க்க வேண்டும். 2020-இல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசந்தாலும் பரப்பிய பெட்டி வடிகட்டியைச் செய்யச் சொல்லுங்கள். 20 அங்குலச் சதுர மின்விசிறி ஒன்று. அதே அளவில் 2 அங்குலத் தடிமன் உள்ள ‘மெர்வ் 13’ (நுண்துகளைப் பிடிக்கும் திறனுக்கான தரக் குறியீடு) ஃபில்டர் நான்கு. நான்கையும் சுவர்களாக நிறுத்தி, அடியில் அட்டை, மேலே விசிறி, காற்று மேல்நோக்கி வீசும்படி. ஃபில்டரில் உள்ள அம்புக்குறி பெட்டியின் உள்பக்கம் பார்க்க வேண்டும். எல்லா இணைப்பையும் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். விசிறிக்கும் ஃபில்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியே குறுக்கே ஓடிவிடும். விசிறியின் நான்கு மூலைகளையும், நடுவில் 15 அங்குல வட்டம் வெட்டிய அட்டையால் மூடுங்கள். மூலை வழியே காற்று பின்வாங்குவது நிற்கும்.

மூடிய அறையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி அணைத்து, புகையை ஒரு சிறு விசிறியால் கலக்குங்கள். பெட்டி ஓடாமல் பி.எம். 2.5 பாதியாக எவ்வளவு நேரம், ஓடும்போது எவ்வளவு நேரம் என்று அண்ணன் குறிக்கட்டும். 10 நிமிடத்தில் பாதியானால், பாதியாவதற்கு உரிய மாறாத எண்ணான 0.69-ஐ ஆறில் ஒரு மணியால் வகுக்க, மணிக்கு நான்கு முறைக்கும் சற்று மேலாக அறைக்காற்று முழுவதும் சுத்தமாகிறது என்று பொருள். அப்போது கரியமில வாயு மீட்டரையும் பக்கத்தில் வையுங்கள். துகள் எண் சரசரவென்று இறங்கும்போது கரியமில வாயு எண் மட்டும் இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். வாயுவை ஃபில்டர் பிடிக்காது. ஜன்னலைத் திறந்தால்தான் அது இறங்கும். வெளிக்காற்றில் புகை இருக்கும் நாளில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு எண்ணையும் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.